ஒன்றும் காணவில்லை என்ற செய்தி



போர் வரலாறு என்றால் களத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். எதிரியைத் தேடிப் போய், தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்து சொன்னவர்களைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. கடலோர ரோந்து விமானப் படையினரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படித்தான் கழிந்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள், இறங்கினார்கள், தூங்கினார்கள், மறுபடி கிளம்பினார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒரு விமானத்தின் கதை. இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் தென்கரையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும், நமக்கு மிக அருகில் சென்னையின் செங்குன்றம் ஏரியிலிருந்தும் பறந்த கேட்டலினா என்ற கடல் விமானமும் அதில் பறந்தவர்களும்தான் என் பொருள். வெறும் கடலைப் பார்த்துவிட்டு வந்த அந்த மணி நேரங்களை வரலாறு எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்பதே என் கேள்வி.

விமானத்தை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் ஐசக் லேடன் என்ற பொறியாளர் வடிவமைத்தது. முதன்முதலில் பறந்தது 1935 மார்ச்சில். அமெரிக்கக் கடற்படை அதற்கு வைத்த பெயர் பிபிஒய். கேட்டலினா என்பது பிரிட்டிஷார் வைத்த பெயர். உடல் ஒரு படகு, அடிப்பகுதி நேரே தண்ணீரில் அமரும். உடலுக்கு மேலே ஒரு தடித்த தூண், அந்தத் தூணின் மேல் ஏறத்தாழ 32 மீட்டர் நீளத்துக்கு ஒரே இறக்கை. இரண்டு இன்ஜின்களும் இறக்கையின் மேல் பக்கம்பக்கமாக இருந்தன, நீர்த்தெறிப்பு எட்டாத உயரம் அது. இறக்கை நுனியில் இருக்கும் மிதவைகள் பறக்கும்போது மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். பின்பக்கம் இருபுறமும் கண்ணாடிக் கொப்புளம் போல இரண்டு சாளரங்கள் புடைத்திருக்கும். துப்பாக்கிகள் அங்கேதான் பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சாளரங்களின் உண்மையான பயன் பார்ப்பது. கீழே, பின்னே, பக்கவாட்டில், அடிவானம் வரைக்கும் பார்க்கலாம்.

வேகம் மிகக் குறைவு. ரோந்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் போகும். அதே வானில் எதிரே வரக்கூடிய ஜப்பானிய ஜீரோ விமானம் 500 கிலோமீட்டரைத் தாண்டும். இந்த மந்தகதியைக் குறையாக எழுதும் நூல்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாகப் போவதால்தான் எரிபொருள் நீடித்தது. எரிபொருள் நீடித்ததால்தான் இருபது மணி நேரம்கூட வானில் நிற்க முடிந்தது. அலைகளுக்கிடையே ஒரு தலையையோ ஒரு பெரிஸ்கோப்பையோ கண்டுபிடிக்க வேண்டுமானால் மெதுவாகப் போகிறவனால்தான் முடியும். அதே மந்தகதிதான் எதிரி கண்ணில் பட்டுவிட்டால் தப்ப விடாமலும் செய்தது. அதில் ஏறியவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஏறினார்கள்.

உள்ளே எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள். இரண்டு பைலட்கள், ஒரு நேவிகேட்டர், இன்ஜினியர், வயர்லெஸ் ஆட்கள், கன்னர்கள். இன்ஜினியரின் இருக்கைதான் விசித்திரமானது. உடலையும் இறக்கையையும் இணைக்கும் அந்தத் தூணுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். இருபுறமும் சிறு ஜன்னல், அதன் வழியே தலைக்கு மேலிருக்கும் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டே எரிபொருளைக் கவனிக்க வேண்டும். நேவிகேட்டரின் மேசை இன்னும் முக்கியம். நிலத்தின் மேல் பறப்பவருக்கு ஆறும் ரயில் பாதையும் வழி சொல்லும், நடுக்கடலில் அது கிடையாது. காற்று விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதை அலைகளின் மேல் நுரையைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். இரவானால் நீரில் எரியும் மிதவையைப் போட்டு அதை அளக்க வேண்டும். சூரியன், சந்திரன், நட்சத்திரங்களைச் செக்ஸ்டன்டில் பிடித்து நிலையைக் குறிக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு சற்றே பிசகினாலும் தீவு கண்ணில் படாது.

வயர்லெஸ் இருந்தும் பேசக்கூடாது. பேசினால் எதிரி இடத்தைக் கண்டுகொள்வான். ஆகவே ஒன்றைக் காணும் வரைக்கும் மௌனம். அடுப்பு உண்டு, சூடாக எதையாவது வைத்துச் சாப்பிடலாம். படுக்கைத் தட்டுகளும் உண்டு. ஒருவர் மாற்றி ஒருவர் கண் அசரலாம். ஆனால் சாளரத்தில் இருப்பவர் அசரக்கூடாது. கடலை வெகுநேரம் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஒளி பட்டு மினுங்கும் ஒவ்வொரு அலையும் எதோ ஒன்று போலவே தெரியும். பிறகு எதுவுமே எதுவாகவும் தெரியாமல் போகும். கண் திறந்திருந்தும் பார்க்காமல் போகும் அந்த நிலையை வெல்வதுதான் அவர்களின் தொழில்.

நீரில் இறங்குவதும் சுலபமில்லை. கண்ணாடி போல அசையாத நீரில் உயரம் தெரியாது, அலை உயர்ந்த நீரில் தகடு பிய்ந்துவிடும். அடித்து இறங்கும்போது அடித்தகட்டின் ரிவிட்கள் தெறித்து நீர் உள்ளே பீறிட்டால், பென்சிலை அந்தத் துளையில் செருகி ஒடித்து அடைப்பது கேட்டலினாக்காரர்கள் எல்லோரும் அறிந்த வைத்தியம். பிறகு மிதவையில் கொக்கி போட்டுக் கட்டி, சிறு படகில் கரை சேர வேண்டும். எரிபொருளும் படகில்தான் வரும்.

இனி 1942க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் அந்தமானும் போயின. வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் பெரும்பகுதி ஜப்பானியர் கையில். இலங்கை விழுந்தால் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகும் கப்பல் வழிகள் அறுந்துவிடும். பிரிட்டிஷ் கீழைக் கப்பற்படைக்கு அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமர்வில் தலைமை. ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி இலங்கை தாக்கப்படும் என்று உளவுத்துறை அவரிடம் சொல்லியிருந்தது. தன்னைவிட வலிமையான எதிரி வருவது தெரிந்து, பகலில் விலகி, இரவில் நெருங்கித் தாக்கலாம் என்ற திட்டத்துடன் அவர் தீவுக்குத் தெற்கே கப்பல்களோடு காத்திருந்தார்.

மார்ச் 31, ஏப்ரல் 1, ஏப்ரல் 2. மூன்று நாளும் கேட்டலினாக்கள் போய்ப் போய் வந்தன. ஒன்றும் காணவில்லை. இலங்கையில் அப்போது பறக்கத் தகுதியான கேட்டலினாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றை வைத்துக்கொண்டு கிழக்கிலும் தென்கிழக்கிலும் பல லட்சம் சதுரக் கிலோமீட்டர் கடலைத் துழாவினார்கள். மூன்றாம் நாள் முடிவில் சோமர்வில் ஒரு முடிவெடுத்தார். கப்பல்களில் குடிநீரும் எரிபொருளும் குறைந்திருந்தன, உளவுத் தகவல் பிழையாக இருக்கலாம். மாலத்தீவின் தென்கோடியில் அட்டு பவளத்தீவில் இருந்த ரகசியத் துறைமுகத்துக்குப் பெரும்படையைத் திருப்பினார். டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூஸர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் திருகோணமலைக்கும் அனுப்பினார்.

ஒன்றும் காணவில்லை என்ற செய்தியை வைத்து ஒரு கப்பற்படையே நகர்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டுகிறேன். அந்தச் செய்தி பொய்யல்ல. எதிரி இன்னும் அவர்கள் தேடிய கடலுக்குள் வந்திருக்கவில்லை, சில நாள் தாமதமாகத்தான் வந்தான். பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அதிலிருந்து நாளையும் இருக்காது என்று முடிவு கட்டியது மேலே இருந்தவர்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ரோந்துப் படையினர் மேல் பழிபோடுவது நியாயமாகாது.

அந்த நேரத்தில்தான் கனடா விமானப்படையின் 413ஆம் ஸ்குவாட்ரன் இலங்கைக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் குளிரில் பறந்துகொண்டிருந்தவர்கள். காலிக்கு அருகே கொக்கல ஏரிக்கு வந்து சேர்ந்து இரண்டே நாளில், ஏப்ரல் 4ஆம் தேதி விடியுமுன், ஸ்குவாட்ரன் லீடர் லெனர்ட் பர்ச்சலின் கேட்டலினா ரோந்துக்குக் கிளம்பியது. புதிய கடல், புதிய வானிலை. பகல் முழுவதும் ஒன்றும் இல்லை. பிற்பகல் நான்கு மணி வாக்கில் ரோந்தின் கடைசிக் கட்டம். இலங்கைக்குத் தென்கிழக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

திரும்பிவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பர்ச்சல் அந்தப் புள்ளிகளை நோக்கித் திருப்பினார். நெருங்க நெருங்க அவை கப்பல்களாயின. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஐந்து விமானந்தாங்கிகள், நான்கு போர்க்கப்பல்கள், சுற்றிலும் குரூஸர்களும் டிஸ்ட்ராயர்களும். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை அது. எண்ணிக்கை, வகை, திசை, வேகம் என்று செய்தியைச் சங்கேதத்தில் எழுதி வயர்லெஸ் ஆள் தட்டத் தொடங்கினார். விதிப்படி மூன்று முறை அனுப்ப வேண்டும். ஜீரோக்கள் மேலே வந்து சுடத் தொடங்கியபோதும் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை முடியுமுன் வயர்லெஸ் கருவி சிதறியது, விமானம் தீப்பற்றியது. பர்ச்சல் அதை எப்படியோ நீரில் இறக்கினார். ஒன்பது பேரில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். நீரில் கிடந்தவர்களையும் ஜப்பானியர் சுட்டார்கள். ஆறு பேரையும் ஒரு ஜப்பானிய டிஸ்ட்ராயர் தூக்கிக்கொண்டது. செய்தி அனுப்பினீர்களா என்ற கேள்வியோடு அடி விழுந்தது. இல்லை என்றே சொன்னார்கள். கொழும்பு செய்தியைத் திரும்பச் சொல்லும்படி வயர்லெஸில் கேட்டது ஜப்பானியருக்கும் கேட்டுவிட, அடி இன்னும் கூடியது.

இலங்கையைக் காப்பாற்றியவர் என்று பர்ச்சலுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்கிறேன். அவர் வீரத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. விமானப் படை உஷாரானது. இருந்தும் மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஏழரை மணி அளவில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தபோது, ரத்மலானையில் இருந்த ஹரிக்கேன் விமானங்கள் பல தாக்குதலுக்கு நடுவில்தான் மேலேறின. முன்கூட்டிக் கிடைத்த செய்தியைக் கடைசி மணி நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு தரையில் சரியாக இல்லை. கொழும்பிலிருந்து சோமர்வில்லைச் சேரக் கிளம்பிய டார்செட்ஷயரையும் கார்ன்வாலையும் அன்று பிற்பகல் மூழ்கடித்தார்கள். 424 மாலுமிகள் இறந்தார்கள். அந்த இரு கப்பல்களைக் கண்டு சொன்னதும் ஒரு ரோந்து விமானம்தான், ஜப்பானியரின் கடல் விமானம். அந்தப் பக்கத்திலும் யாரோ ஒருவர் பல மணி நேரம் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பர்ச்சலோடு கதை நின்றுவிடுவதுதான் என் குறை. அவரை வீழ்த்திய அன்றிரவே 205ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா ஒன்று அதே கடலுக்குப் போனது. இரவில் எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது, விடிந்தபின் வீழ்த்தப்பட்டது. ஒருவரும் திரும்பவில்லை. ஏப்ரல் 8ஆம் தேதி பிற்பகல், இலங்கைக்குக் கிழக்கே, மறுபடி இன்னொரு கேட்டலினா நகுமோவின் படையைக் கண்டு சொன்னது. அந்தச் செய்தியால்தான் திருகோணமலைத் துறைமுகம் அன்றிரவே காலி செய்யப்பட்டது. மறுநாள் 9ஆம் தேதி காலை, பர்ச்சலின் 413ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஃப்ளைட் லெப்டினென்ட் தாமஸின் கேட்டலினா எதிரியைக் கண்டது. செய்தி பாதியில் நின்றது. தாமஸும் அவருடன் போனவர்களும் திரும்பவே இல்லை.

திருகோணமலையிலிருந்து வெளியேறிய ஹெர்மிஸ், கரையை ஒட்டித் தெற்கே போய், அன்று காலை மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானியக் கடல் விமானம் ஒன்றின் கண்ணில் பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அதன் விமானங்கள் கரையில் இருந்தன. சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயரும் உடன் மூழ்கியது. விமானங்களோடு போன பெருங்கப்பல்கள் தப்பின, விமானம் இல்லாமல் போன கப்பல் சிக்கியது. கடலில் கண் இல்லாதவர் கதி இதுதான்.

இந்த இடத்தில் சென்னையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்முடைய தாத்தா பாட்டி தலைமுறை அந்த மாதத்தை 'எவாக்குவேஷன்' என்றே குறிப்பிட்டது. கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள், ஏப்ரல் 6, வேறொரு ஜப்பானியப் படையின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அந்த நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னையை நோக்கி ஒரு படையெடுப்புக் கப்பற்கூட்டம் வருகிறது என்ற எச்சரிக்கை வந்தது. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். மக்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊரைவிட்டுப் போனார்கள். வீடுகளும் கடைத்தெருக்களும் பூட்டிக் கிடந்தன. உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படி ஒரு கப்பற்கூட்டம் வரவே இல்லை.

இதை மக்களின் கோழைத்தனம் என்று எழுதுவோரை நான் ஏற்கவில்லை. கிழக்கே எங்கும் தோற்று வந்த ஒரு அரசு, வருகிறான் வருகிறான் என்று சொன்னால் பிள்ளைகுட்டிக்காரர் என்ன செய்வார்? அன்று சென்னைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். இன்று காலை இத்தனை கிலோமீட்டர் வரைக்கும் கடலைப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல விமானமும் ஆளும் போதவில்லை. இருந்த சில கேட்டலினாக்கள் இலங்கையைச் சுற்றியே தேய்ந்துகொண்டிருந்தன, சில வீழ்த்தப்பட்டுவிட்டன. ஒன்றும் காணவில்லை என்ற செய்தியின் விலை என்ன என்று என்னை யாராவது கேட்டால், அது கிடைக்காத ஊர் எப்படி இருந்தது என்பதற்கு 1942 ஏப்ரல் மாதத்துச் சென்னையைக் காட்டுவேன்.

அதே ஆண்டு நடுவிலேயே பாடம் கற்றுக்கொண்டார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி, அதாவது செங்குன்றம் ஏரி, பிரிட்டிஷ் விமானப்படையின் கடல் விமானத் தளமானது. 240ஆம் ஸ்குவாட்ரன் அங்கே வந்தது. பின்னர் 191ஆம் ஸ்குவாட்ரனும் வந்தது. அங்கிருந்து வங்காள விரிகுடா முழுவதும் ரோந்து. கப்பல் கூட்டங்களுக்குத் துணை, நீர்மூழ்கி வேட்டை, விழுந்த விமானங்களிலிருந்து தப்பியவர்களைத் தேடுவது, வானிலை பார்ப்பது. இவற்றோடு ஒரு ரகசிய வேலையும் இருந்தது. ஜப்பானியர் பிடித்திருந்த கரைகளுக்கு இரவில் போய், நீரில் இறங்கி, உளவாளிகளையும் பொருட்களையும் விட்டுவிட்டு வருவது. அந்த வேலையைச் செய்த பிரிவைத்தான் 1944 மார்ச்சில் 628ஆம் ஸ்குவாட்ரன் என்று தனியாக்கினார்கள். அதன் பிறந்த ஊர் செங்குன்றம். அரை ஆண்டுதான் அந்தப் பெயர் நிலைத்தது. 1914இல் எம்டன் கப்பல் வந்து சென்னையில் குண்டு போட்டதை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். சென்னையின் குடிநீர் ஏரியிலிருந்து மூன்றாண்டு காலம் இந்தக் கடலைக் காவல் காத்தவர்களைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரிகூட இல்லை. வந்து அடித்தவனை நினைவில் வைத்திருக்கிறோம், வராமல் பார்த்துக்கொண்டவனை மறந்துவிட்டோம்.

காவலுக்கு விலை கொடுத்தவர்கள் விமானத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல. கொக்கல ஏரியைத் தளமாக்க அங்கிருந்த கிராமத்தைக் காலி செய்தார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. இடிபடாமல் தப்பிய அவர் வீடு இன்று நாட்டார் அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது. தென்னிலங்கைக் கிராம வாழ்க்கையைக் காண அங்கே போகிறவர்கள், அந்தக் கிராமத்தின் மற்ற வீடுகள் எங்கே என்றும் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை வரலாறுகளில் கொக்கல ஒரு தளத்தின் பெயராக மட்டும் வருகிறது. குடிபெயர்ந்த குடும்பங்கள் அதில் இல்லை.

அதே கொக்கல ஏரிக்கு 1943 நடுவிலிருந்து வேறொரு வகைக் கேட்டலினாக்களும் வரத் தொடங்கின. சிங்கப்பூர் விழுந்தபின் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமான வழி அறுந்திருந்தது. அதை ஒட்டவைக்க, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரத்து ஸ்வான் நதியிலிருந்து கொக்கல வரைக்கும் இடையில் எங்கும் இறங்காமல் பறந்தது. இந்தியப் பெருங்கடலின் குறுக்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருளுக்காக மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். துப்பாக்கி கிடையாது. பயணிகள் மூன்றே பேர், தபால் 69 கிலோ. எடை அவ்வளவுதான் தாங்கும். வயர்லெஸ் மௌனம், நட்சத்திரங்களே வழிகாட்டி. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்தார்கள். பயணம் 27 மணி முதல் 32 மணிக்கும் சற்று மேல் வரை நீண்டது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் பயணிகளுக்கு இரட்டைச் சூரியோதயச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 நடுவரைக்கும் 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானத்தையும் இழக்கவில்லை. போர் முடிந்ததும், கடன்-குத்தகை ஒப்பந்தப்படி வந்த விமானங்கள் என்பதால் அவற்றை ஆஸ்திரேலியக் கரையோரம் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள். அந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒன்றையாவது வைத்திருக்கலாம்.

இந்தக் கடலுக்கு வெளியே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் கேட்டலினா பற்றிப் பேசி முடிக்க மனம் வரவில்லை. 1945 ஜூலை 30 நள்ளிரவு கடந்ததும் இண்டியானாபோலிஸ் என்ற அமெரிக்க குரூஸரை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 900 பேர் பசிபிக் கடலில் மிதந்தார்கள். கப்பல் வரவில்லையே என்று எந்தத் துறைமுகமும் கேட்கவில்லை. மூன்று பகலும் நான்கு இரவும் தாகத்தில், வெயிலில், சுறாக்களுக்கு நடுவில் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி வழக்கமான ரோந்தில் வந்த வெஞ்சுரா விமானம் ஒன்றின் பைலட் வில்பர் க்வின் தற்செயலாகக் கீழே எண்ணெய்ப் படலத்தைக் கண்டார். பிறகு மனிதத் தலைகளைக் கண்டார். அன்றைக்கு அங்கே ரோந்து இல்லையென்றால் அந்த 900 பேரில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

செய்தி கேட்டுக் கேட்டலினாவில் வந்தவர் லெப்டினென்ட் ஏட்ரியன் மார்க்ஸ். பெருங்கடல் அலையில் இறங்கக்கூடாது என்பது கட்டளை. மேலிருந்து மிதவைகளைப் போட்டுக்கொண்டிருந்தவர், தனியாக மிதந்தவர்களைச் சுறா தாக்குவதைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். அடித்தகடு கிழிந்தது. உள்ளே இடம் நிறைந்ததும் மீட்டவர்களை இறக்கையின் மேல் படுக்கவைத்து பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். 56 பேர். இனி அந்த விமானம் எழும்பாது என்று தெரிந்தும் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே இருந்தார். இரவில் டிஸ்ட்ராயர் வந்து எல்லோரையும் எடுத்துக்கொண்டது. கேட்டலினா அங்கேயே மூழ்கடிக்கப்பட்டது. மொத்தம் 316 பேர் பிழைத்தார்கள். ஆளைக் கொல்வதற்கும் ஆளைத் தேடிக் காப்பதற்கும் ஒரே விமானம், ஒரே கண், ஒரே பழக்கம் போதுமாயிருந்தது. இராணுவ விமானங்களில் இதைச் சொல்லக்கூடியவை மிகச் சில.

பர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் இருந்தார். நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது கைதிகளைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார், அதற்காக அடியும் தனிச்சிறையும் பட்டார். முகாமில் நடந்ததை எல்லாம் ரகசிய நாட்குறிப்புகளில் எழுதி மண்ணில் புதைத்து வைத்தார். போர்க்குற்ற விசாரணையில் அவை சாட்சியாயின. 2004இல், தம் 89ஆம் வயதில் கனடாவில் இறந்தார். உயிரோடு திரும்பிய ஒருவர் தம் கதையைச் சொல்ல முடிகிறது, மற்றவர்கள் கேட்க முடிகிறது. தாமஸுக்கும் அவர் விமானத்தில் இருந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. கல்லறையும் இல்லை. ஆசியக் கடல்களில் உடல் கிடைக்காமல் போன காமன்வெல்த் விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில், க்ராஞ்சி நினைவகத்தின் சுவர்களில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூருக்கு உறவினரைக் காணப் போகும் நம்மவர்கள் பலர் உண்டு. ஒரு காலை நேரத்தை அங்கே செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

413ஆம் ஸ்குவாட்ரன் இலங்கையின் நினைவாக யானைத் தலையைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. இன்றும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அட்லாண்டிக் கடலில் தவிப்போரைத் தேடி மீட்கும் படையாக இயங்குகிறது. இந்தியாவிலும் வேலை நின்றுபோகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் விமானங்களைப் பழுதுபார்த்து விமானப்படை கடலுக்கு அனுப்பியது. பிறகு சூப்பர் கான்ஸ்டலேஷன். 1976இல் இந்தப் பொறுப்பு கடற்படைக்கு வந்தது. இலியூஷின் 38, டியு 142 என்று சோவியத் விமானங்கள் வந்தன. 1992 முதல் அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி தளம் டியு 142களின் வீடாயிற்று. இருபத்தொன்பது ஆண்டுப் பணிக்குப் பின் 2017இல் அவை ஓய்வு பெற்றன. இப்போது பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து அதே வங்காள விரிகுடாவின் மேல் போய்வருகின்றன. ரேடாரும் கணினியும் வந்துவிட்டன. சாளரத்தில் ஒருவர் கண்ணை வைத்துப் பார்ப்பது மட்டும் விடப்படவில்லை.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நடவடிக்கைப் பதிவேடு வைத்திருந்தது. லண்டனில் கியூ பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. யார் பறந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்கு இறங்கினார், என்ன கண்டார் என்று ஒவ்வொரு பறப்புக்கும் பதிவு உண்டு. செங்குன்றத்திலிருந்து இயங்கிய ஸ்குவாட்ரன்களின் பக்கங்களை எடுத்து, ஒன்றும் காணவில்லை என்று முடியும் வரிகளையும் விடாமல் படித்து, வங்காள விரிகுடாவின் வரைபடத்தில் நாள்வாரியாகக் குறியுங்கள். எந்த நாளில் எந்தக் கடல் பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படாமல் கிடந்தது என்பது அப்போது தெரியும். கூடவே புழல், செங்குன்றம், சோழவரம் ஊர்களில் அந்த விமானங்கள் ஏரியில் இறங்கியதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் சிலராவது இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பதிவேடு காத்திருக்கும், அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே முதலில் அந்த ஊர்களுக்குப் போங்கள்.